புரட்டாசியில் விளக்குப் பொறி: விழுந்த பூச்சி எதுவென்று பார்ப்போம்

வங்கி வேலையிலிருந்து 2017-ல் ஓய்வு பெற்றேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில், அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் இருந்தது. அடுத்த வருடம் புரட்டாசிப் பட்டத்தில் அதில் மூன்று ஏக்கருக்கு மக்காச்சோளம் போட்டேன். ரசாயனம் ஒரு சொட்டுகூட இறங்கக்கூடாது என்பது முதல் நாளே எடுத்த முடிவு. முளைப்பு நன்றாக இருந்தது. பதினைந்தாம் நாள் வாக்கில் இலைகளில் அங்கங்கே கண்ணாடித்தாள் ஒட்டியது போல வெளிறிய திட்டுகள் தெரிந்தன. சத்துக் குறைவு என்று நானே முடிவு செய்துகொண்டு பஞ்சகவ்யா தெளித்தேன். முப்பதாம் நாள் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈர மரத்தூள் அடைத்தது போலப் புழுவின் கழிவு. அதற்குள் கொழுத்த புழு ஒன்று. குருத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக் குடியிருந்தது.

அந்தப் போகத்தில் மூன்று ஏக்கருக்கும் சேர்த்துப் பதினொரு மூட்டைதான் வீட்டுக்கு வந்தது. "இயற்கை விவசாயம்னு சொன்னா இப்படித்தான் சார்" என்று ஊரே சொன்னது. மருந்து அடித்த பக்கத்துக் காட்டிலும் அதே நிலைமைதான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வந்தது அமெரிக்கன் படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துக்காரன். 2016-ல் ஆப்பிரிக்காவில் தலைகாட்டியது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதல்முறையாக இந்தியாவில் பார்த்தார்கள். அதே வருடம் தமிழ்நாட்டுக்குள்ளும் இறங்கிவிட்டது. நமக்கெல்லாம் அது புதுப்புழு. அதனால் எனக்குத் தெரியாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் தப்பு அதுவல்ல. தோட்டத்து வீட்டின் திண்ணை விளக்கை நாள்தோறும் இரவில் பழுப்புப் பூச்சிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் பேப்பர் படித்தேன். ஒரு நாள்கூட தலையைத் தூக்கி அது என்ன பூச்சி என்று பார்க்கவில்லை.

புழுவுக்கு முன்னால் வருவது தாய்ப்பூச்சி

எந்தப் புழுவும் மண்ணிலிருந்து தானாக முளைப்பதில்லை. முதலில் தாய் அந்துப்பூச்சி வரும். படைப்புழுவின் தாய்ப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரைகூடப் பறக்கும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. வந்ததும் குவியல் குவியலாக முட்டையிடும். ஒரு குவியலில் நூறு இருநூறு முட்டை இருக்கும். மேலே தன் உடம்புச் செதிலையே போர்த்தி வைக்கும். வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். நம்ம வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுப் புழு முதல் ஒரு வாரம் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். நான் சத்துக் குறைவு என்று நினைத்த கண்ணாடித் திட்டு அதுதான். பிறகு நூல் விட்டுக் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போய்க் குருத்துக்குள் இறங்கிவிடும். இறங்கி, வாசலைக் கழிவால் அடைத்துக்கொண்டால், வேம்புக் கரைசலும் உள்ளே போகாது, கடை மருந்தும் போகாது.

ஆகவே நமக்குக் கிடைக்கும் அவகாசம் தாய்ப்பூச்சி வந்த இரவிலிருந்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அந்த இரவு எது என்று தெரிந்தால் மட்டும்தான் அந்த அவகாசத்தால் பயன். விளக்குப் பொறி வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான். பூச்சியைக் கொன்று குவித்துவிடலாம் என்பதற்காக அல்ல. ஏக்கருக்கு ஒரு விளக்கு போட்டால் பூச்சியே இல்லாமல் செய்துவிடலாம் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அப்படி நடக்கவில்லை. பொறி தேதி சொல்லும், பெயர் சொல்லும். அவ்வளவுதான். அதற்கே கொடுத்த காசு தகும்.

நம்ம பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வரும் ஊர்களில், முதல் நல்ல மழை பெய்த மறுநாள் பொழுது சாய்ந்ததும் வரப்போரம் தீமூட்டம் போடுவார்கள். மழை ஈரம் பட்டதும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தது தாய்ப்பூச்சியாகக் கிளம்பும், கிளம்பியதும் வெளிச்சத்துக்கு வரும் என்ற கணக்கு அது. அப்பா போட்ட தீமூட்டத்தில் கடலை சுட்டுத் தின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதற்குப் போட்டார் என்பது அறுபது வயதில்தான் புரிந்தது.

வேட்டியும் முட்டை அட்டையும்

கடையில் விற்கும் சோலார் விளக்குப் பொறி வசதியானது. ஆனால் அதன் அடியில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் இருக்கும் தொட்டியில் விழுந்த பூச்சியைக் காலையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே நிறத்தில் நனைந்த புகையிலைத் தூள் போலக் கிடக்கும். அந்துப்பூச்சியின் இறக்கை நிறம் முழுக்கச் செதில்தான். நனைந்து உரசினால் உதிர்ந்துவிடும். செதில் போனால் அடையாளமும் போச்சு.

நான் செய்வது எளிது. களத்து மேட்டில் இரண்டு கம்பு நட்டு, கயிறு கட்டி, பழைய வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு அடி தள்ளி ஒரு விளக்கு. புற ஊதா ஒளி தரும் நீலக் குழல் விளக்கு கிடைத்தால் நல்லது, கூட்டம் அதிகம் வரும். கிடைக்காவிட்டால் பழைய பாதரச விளக்கு. மஞ்சள் வெளிச்சம் வேண்டாம், அதற்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். (இதையே திருப்பிப் போட்டால், வீட்டுத் திண்ணைக்கு மஞ்சள் விளக்குதான் நல்லது. சோற்றில் பூச்சி விழாது.) வேட்டியின் கீழே கடையில் கேட்டு வாங்கிய காகித முட்டை அட்டைகளைப் பரப்பி வைப்பேன். பூச்சிகள் அந்தக் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் பொழுதுபோக்காக அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் பெட்டிப் பொறிக்குள் இந்த முட்டை அட்டையைத்தான் வைக்கிறார்கள். இரவு பிடித்து, காலையில் பெயர் குறித்துக்கொண்டு, விட்டுவிடுவார்கள். அந்த நாட்டில் ரோதம்ஸ்டெட் என்ற பழைய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1933-லேயே விளக்குப் பொறி வைத்து எண்ணத் தொடங்கியது. நாம் ஒரு பட்டத்துக்கு எண்ணினால் போதும்.

விளக்கைப் பார்த்து ஏன் வருகிறது என்று பேரன் கேட்டான். நிலாவை வைத்து வழி பார்க்கும் பூச்சி, விளக்கை நிலா என்று ஏமாந்துவிடுகிறது என்றுதான் நானும் படித்திருந்தேன். 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சப் பக்கம் வைத்துக்கொள்ளும். இயற்கையில் வெளிச்சம் என்றால் வானம், ஆகவே முதுகு மேலே இருக்கும், நேராகப் பறக்கும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் முதுகை அதன் பக்கம் சாய்க்கப் போய், சுற்றிச் சுற்றி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. ஆசைப்பட்டு வருவதல்ல, அகப்பட்டுக்கொள்வது.

நேரம் முக்கியம். மாலை ஆறரைக்குப் போட்டால் பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும். முதல் வருடம் நான் விடிய விடிய எரியவிட்டேன். காலையில் தொட்டியில் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, தரை வண்டு, குளவி எல்லாம் மிதந்தன. அசுவினியையும் முட்டையையும் தின்று நமக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் ஆட்கள் அவர்கள். இரவு நீள நீள இவர்கள் வரத்து கூடும். அதனால்தான் தண்ணீர்த் தொட்டியை விட்டு வேட்டிக்கு மாறினேன். இதில் எதுவும் சாவதில்லை. எனக்கு வேண்டாத பூச்சியை மட்டும் பொறுக்கி எடுத்துக் காலையில் கோழிக்குப் போடுகிறேன்.

நெல் வயல் பக்கம் விளக்கு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட, எறும்பு போல நீளமான ஒரு சின்ன வண்டு வரும். கழுத்தில் உட்கார்ந்தால் கையால் தேய்த்து நசுக்காதீர்கள், ஊதிவிடுங்கள். நசுங்கினால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் மறுநாள் தீப்பட்டது போலக் கொப்பளிக்கும். வயலில் அது நல்ல வண்டுதான், புகையானைத் தின்னும்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பூச்சி குறைவாகத்தான் விழும். பூச்சி இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. நிலா வெளிச்சத்தில் நம்ம விளக்கு எடுபடாது. காற்று அடிக்கும் இரவிலும் அப்படித்தான். புழுக்கமாக, காற்று அசையாமல், மலைப்பக்கம் மின்னிக்கொண்டு இருக்கும் புரட்டாசி இரவுதான் நல்ல இரவு.

எண்ணிக்கை சரி, ஆள் தப்பு

2019-ல் நான் உஷாராகிவிட்டேன். விளக்கோடு, இனக்கவர்ச்சிப் பொறியும் ஏக்கருக்கு இரண்டு வைத்தேன். பெண் பூச்சியின் வாசனையைச் சின்ன ரப்பர் குப்பியில் ஏற்றி, புனலுக்குள் தொங்கவிடுவது. ஆண் பூச்சி மட்டும் தேடி வந்து கீழே பையில் விழும். பொறிக்கு ஒரு நாளில் மூன்று தாய்ப்பூச்சி விழுந்தால் நடவடிக்கை தொடங்கு என்பது மக்காச்சோளத்துக்கு வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. விதைத்து எட்டாம் நாள் பையைப் பிரித்தேன். ஒன்பது. அடுத்த நாள் பதினொன்று. எனக்கு உதறல் எடுத்துவிட்டது. நான்கு நாளைக்கு ஒருமுறை என்று வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு பச்சை மிளகாய்க் கரைசல், ஆள் கூலி என்று அந்த மாதம் செய்த செலவை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. ஆனால் செடியில் கண்ணாடித் திட்டு எங்குமே இல்லை. என் கரைசலின் மகிமை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஊருக்கு வந்திருந்த ஒரு பூச்சியியல் மாணவர் பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இதுல படைப்புழு ரெண்டுதான் இருக்கு. மீதி எல்லாம் வேற." வைக்கோல் நிறத்தில், இறக்கை நடுவே நீளவாக்கில் ஒரு மங்கலான கறுப்புக் கீற்றும், ஒரு குட்டி வெள்ளைப் புள்ளியுமாக இருந்த பூச்சிகளை எல்லாம் நான் படைப்புழுக் கணக்கில் வரவு வைத்திருந்தேன். அதற்கு மித்திம்னா லோரேயி என்று பெயர். புல்லிலும் தானியப் பயிரிலும் வாழ்வது. படைப்புழு வாசனைக்கு அதுவும் ஏமாந்து வந்து விழும். ஆப்பிரிக்காவிலும் இதே குழப்பம் உண்டாம். வங்கியில் ஒருவர் கணக்கில் போட வேண்டிய பணத்தை அடுத்தவர் கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே நானே அதைச் செய்திருந்தேன்.

அன்றிலிருந்து எண்ணுவதற்கு முன் அடையாளம் பார்க்கிறேன். பூச்சியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அசையாமல் இருக்கும். சாமணத்தால் இறக்கையை மெல்ல விரித்துப் பார்க்கலாம். மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பூச்சிப் பாட்டிலா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. இப்போது அதற்கென்று மூடி போட்ட தனி டப்பா. பிறகு ஒரு கைப்பேசிப் படம், தேதியோடு.

இறக்கையில் என்ன பார்ப்பது

படைப்புழுத் தாய்ப்பூச்சி உட்கார்ந்திருக்கும்போது இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆணைத்தான் எளிதாகச் சொல்லலாம். சாம்பல் கலந்த பழுப்பு முன் இறக்கையின் நுனியில், சுண்ணாம்பு விரலால் தொட்டது போல ஒரு வெள்ளைத் திட்டு. இறக்கை நடுவில் சாய்வாக, வைக்கோல் நிறத்தில் ஒரு நீள்வட்டம். இந்த இரண்டும் இருந்தால் அவன்தான். பெண் பூச்சி மங்கல், தனியாகப் பெயர் சொல்வது கஷ்டம். அதன் பின் இறக்கை வெள்ளி போல வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண்தான் விழும் என்பதால் கவலை இல்லை. புழுவையும் தெரிந்துகொள்ளுங்கள். நெற்றியில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்து. வால் பக்கம் சதுரத்தின் நான்கு மூலை போல நான்கு கறுப்புப் புள்ளி.

இதனோடு குழம்புவது, நிலக்கடலையிலும் ஆமணக்கிலும் பருத்தியிலும் வரும் புரோடீனியாப் பூச்சி. ஒரே குடும்பம், அளவும் அதே. ஆனால் அதன் முன் இறக்கையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவசரத்தில் போட்ட சிக்குக்கோலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பார்த்தால் மறக்காது. இதுவும் குவியலாகத்தான் முட்டையிடும். கடலைக்காட்டு ஓரத்தில் நாலு ஆமணக்குச் செடி வைத்திருந்தால் முதல் முட்டைக் குவியல் அதில்தான் விழும். இலையோடு கிள்ளி எடுத்துவிடலாம்.

காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி கொஞ்சம் தடித்த உடம்பு. துவரை, பருத்தி, தக்காளி, மக்காச்சோளக் கதிர் என்று எதையும் விடாது. நிறத்தை நம்பாதீர்கள், வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் பழுப்பு வரை மாறும். முன் இறக்கை நடுவில் மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஒரு கருந்திட்டு இருக்கும். பின் இறக்கையைப் பிரித்தால் வெளிறிய இறக்கைக்கு அகலமான கறுப்புக் கரை. மெல்லிய கோடாக இருந்தால் படைப்புழுக் குடும்பம், அகலக் கரை வேட்டி கட்டியிருந்தால் காய்ப்புழு. இது முட்டையை ஒற்றை ஒற்றையாக இடுவதால் பொறுக்க முடியாது. பறவை உட்கார ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து குச்சி நட்டு வைப்பது இதற்குத்தான்.

கோமுகி அணைப் பாசனத்தில் சம்பா நடும் நண்பர்களுக்கு இரண்டு பேர். குருத்துப்பூச்சி விளக்குக்கு ஓடி வரும். பெண் பூச்சி வைக்கோல் மஞ்சள், ஒவ்வொரு முன் இறக்கையிலும் மையால் வைத்தது போல ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. இது நாற்றங்கால் சமயத்தில் விளக்கில் விழத் தொடங்கினால், நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள். முட்டைக் குவியல் நுனியில்தான் இருக்கும். இலைச்சுருட்டுப்புழுவின் பூச்சி இன்னும் சின்னது, பொன் பழுப்பு, இறக்கையில் குறுக்கே அலை அலையாகக் கறுப்புக் கோடு. கரும்பில் வரும் துளைப்பான் பூச்சிகளுக்கு இந்த விளக்கை நம்பி நான் எதுவும் செய்வதில்லை. அங்கே நாள் கணக்கு வைத்து டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவதுதான் சரி.

மீதிப் பேர்

இந்தியாவில் அந்துப்பூச்சி வகை பத்தாயிரத்துக்கு மேல். நம்ம பயிரைத் தொந்தரவு செய்வது அதில் சில பத்துகள். என் வேட்டியில் ஒரு நல்ல இரவில் நாற்பது வகை உட்கார்ந்தால், கவலைப்பட வேண்டியது மூன்றோ நான்கோ. மற்றவற்றை அடித்துப் போடுவது வீண்பாவம், வீண்வேலையும்கூட.

வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த அழகான சின்னப் பூச்சி ஒன்று பகலிலேயே பறக்கும். சணப்பு விதைத்திருந்தால் கட்டாயம் வரும். அதன் புழு சணப்பு இலையையும் காயையும் தின்னும். நாம் பூவெடுத்ததும் மடக்கி உழப்போகிறோம், கொஞ்சம் தின்றால் தின்னட்டும். விதைக்கு விட்டிருந்தால் மட்டும் கவனியுங்கள். பாசிப்பச்சையில் பெரிதாக ஜெட் விமானம் போல வந்து உட்கார்வது அரளிப் பருந்துப்பூச்சி. புழு அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும். பயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதுகில் மண்டை ஓடு வரைந்தது போல இருக்கும் இன்னொரு பருந்துப்பூச்சியைப் பிடித்தால் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். அதன் புழு எள்ளில் வரும், வாலில் கொம்போடு விரல் தடிமனில் இருக்கும், கையால் பொறுக்கிவிடலாம். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ராத்திரி பெட்டிக்குள் நுழைந்து தேன் குடித்துவிடும். அதே பருந்துப்பூச்சிக் குடும்பம்தான் பொழுது சாயும் நேரத்தில் பப்பாளிப் பூவில் நின்றபடி பறந்து தேன் உறிஞ்சி மகரந்தம் மாற்றுகிறது. ஆண் மரம், பெண் மரம் தனித்தனியாக நிற்கும் பப்பாளியில் காய் பிடிப்பதற்கு இவை பெரிய உதவி.

எலுமிச்சை, மாதுளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். பழம் துளைக்கும் அந்துப்பூச்சி என்று ஒன்று, மடக்கினால் காய்ந்த இலை, விரித்தால் பின் இறக்கை ஆரஞ்சு மஞ்சளில் கறுப்புப் பட்டையோடு பளிச்சிடும். மற்றதெல்லாம் புழுவாக இருக்கும்போது தொந்தரவு என்றால், இது பூச்சியாகவே கனிந்த பழத்தில் ஊசி போட்டுச் சாறு குடிக்கும். துளை பட்ட இடம் அழுகி இரண்டொரு நாளில் பழம் விழும். இது விளக்குக்கு அதிகம் வராது. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போய் பழத்தின் மேலேயே பிடிக்க வேண்டும், அல்லது புளித்த பழத்தோடு வெல்லம் கரைத்து வைத்து இழுக்க வேண்டும். இதன் புழு வாழ்வது நம்ம வேலியில் காய்ச்சலுக்கென்று ஆசையாக வளர்க்கும் சீந்தில் கொடியில். கொடியை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. என் வேலியிலும் இருக்கிறது. தோட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் மட்டும் விட்டு, அதில் புழு பார்த்தால் எடுத்துவிடுகிறேன்.

தேதி தெரிந்த பிறகு

போன புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன். விதைக்கும்போதே கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. ஓரத்தில் தட்டைப்பயறும் எள்ளும் வரிசையாக. முளைத்த அன்றே இனக்கவர்ச்சிப் பொறி. பன்னிரண்டாம் நாள் வரை வைக்கோல் பூச்சிதான் விழுந்தது, கணக்கில் சேர்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சுண்ணாம்புத் திட்டு ஆசாமி இரண்டு. பதினான்காம் நாள் நான்கு.

அன்றே வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து களையெடுக்க வரும் பெண்களிடம், களைக்கொத்தை வைத்துவிட்டு இலைக்கடி பாருங்கள் என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் ஒரு அம்மா கூப்பிட்டார். "இலைக்கு அடியில பூசணம் பூத்தாப்புல இருக்குதே அய்யா, இதுவா?" அதுதான். போர்த்திய முட்டைக் குவியல். இரண்டு நாளில் மூன்று ஏக்கரிலும் கிள்ளியது அறுபதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் நூறு என்று வைத்தாலும் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தப்பியது பொரிந்திருக்கும் என்ற கணக்கில் பதினெட்டாம் நாளும் இருபத்தைந்தாம் நாளும் சாயங்காலத்தில் வேப்பங்கொட்டைக் கரைசல். ஐந்து கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, நூறு லிட்டர் தண்ணீருக்கு வருமாறு, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து. கைத்தெளிப்பான் முனை குருத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அங்கங்கே குருத்துக்குள் போய்விட்ட செடிகளுக்கு மட்டும் ஒரு சிட்டிகை உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்து குருத்தில் போட்டோம். மூன்றாவது தெளிப்பு தேவைப்படவில்லை. பொறியில் மறுபடி ஒன்று, பூஜ்யம் என்று இறங்கிவிட்டது.

முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்ட விரும்புகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். படைப்புழு முட்டை போர்வைக்குள் இருப்பதால் டிரைக்கோகிரம்மா மேல் அடுக்கைத்தான் தொடும். டெலினோமஸ் என்ற இன்னொரு குட்டிக் குளவி உள் அடுக்கு வரை போகும். உயிரி ஆய்வகங்களில் பெயர் சொல்லிக் கேளுங்கள். அட்டையை மாலையில், இலைக்கு அடியில், எறும்பு ஏறாத இடத்தில் கட்டுங்கள். பூச்சி விழத் தொடங்கிய இரண்டு நாளுக்குள் கட்டாவிட்டால் பிரயோசனம் இல்லை, முட்டை புழுவாகிவிடும்.

விளக்குத் திரையை மட்டும் பயிரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தடவை வரப்பிலேயே வைத்ததில், விளக்கைச் சுற்றி இருந்த நாலு வரிசையில்தான் முட்டை அதிகம் இருந்தது. விருந்தாளியை வாசல் வரை கூப்பிட்டு வந்து விட்டது போல ஆயிற்று. முப்பது நாற்பது அடி தள்ளி, களத்திலோ பாதையிலோ இருக்கட்டும். இனக்கவர்ச்சிப் பொறி காட்டுக்குள் இருக்கலாம். அதன் வாசனைக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரு குப்பியைத் தொட்ட கையோடு வேறு பூச்சியின் குப்பியைத் தொட்டால் வாசனை கலந்துவிடும்.

என்னைக் கேலி செய்த பக்கத்துக் காட்டுத் தம்பி இன்னும் மருந்துதான் அடிக்கிறார். ஆனால் இரண்டு வருடமாக அவர் காட்டுக்கும் சேர்த்து நான்தான் பொறி பார்க்கிறேன். காலை ஏழு மணிக்குப் போன் வந்துவிடும். "சார், இன்னைக்கு எத்தன? நம்மாளா, வைக்கோலா?" வைக்கோல் என்று சொன்னால் அன்று அவர் தெளிப்பானை எடுப்பதில்லை. முன்பு ஒரு போகத்துக்கு ஐந்து தடவை அடித்தவர், போன வருடம் இரண்டோடு நிறுத்தினார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மகாளய அமாவாசை நல்ல இரவு. நிலா இல்லை, புரட்டாசிப் புழுக்கம் இருக்கும், வீட்டுக்கு எல்லோரும் வந்திருப்பார்கள், பிள்ளைகள் கண் நம்மைவிடக் கூர்மை. படையல் முடிந்ததும் ஒரு பழைய வேட்டியும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட மறக்காதீர்கள்.